சம்பளப் பட்டியல் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தனியார் நிறுவனங்களின் மனிதவள, கணக்குப் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம்.

ஓய்வுக்காலச் சேமிப்பு என்றால் எல்லா அறிவுரையும் ஊழியரை நோக்கியே போகிறது. சீக்கிரம் தொடங்கு, செலவைக் குறை, பி.பி.எஃப்.பில் போடு என்கிறார்கள். ஆனால் மாதச் சம்பளக்காரரின் ஓய்வுக்காலப் பணத்தில் பெரும்பகுதி அவர் கைக்கு வருவதற்கு முன்பே உங்கள் மென்பொருளில் பிரிந்துவிடுகிறது. பேசிக் எனும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தொகைக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), பென்ஷன் கணக்குக்குப் பணம் போக வேண்டுமா வேண்டாமா, எந்த வரிமுறையில் டி.டி.எஸ். (சம்பளத்திலேயே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிப்பது என்பதெல்லாம் உங்கள் மேசையில் முடிவாகிறவை. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. புழக்கத்தில் இருப்பவை பழைய எண்களே என்பதால் இங்கே அவற்றையே சொல்கிறோம்.

முதல் கோரிக்கை என்.பி.எஸ்., அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டம் பற்றியது. புதிய வரிமுறையில் சேமிப்புகளுக்கான 80சி கழிவு கிடையாது, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி கிடையாது, ஊழியர் தன் கையிலிருந்து என்.பி.எஸ்.ஸில் கட்டும் 50,000 ரூபாய்க்கான கழிவும் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு, "அந்த முறையில் எதையுமே கழிக்க முடியாது சார்" என்று உங்களில் பலர் ஊழியரிடம் சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். ஒன்று இருக்கிறது. நிறுவனம் தன் பெயரில் ஊழியரின் என்.பி.எஸ். கணக்கில் கட்டும் தொகைக்கு 80சிசிடி(2) பிரிவில் கழிவு உண்டு. 2024 ஜூலை பட்ஜெட்டில், புதிய வரிமுறையில் இருக்கும் தனியார் ஊழியர்களுக்கு இந்த வரம்பு பேசிக், டி.ஏ. (அகவிலைப்படி) கூட்டுத்தொகையில் 10 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர்ந்தது. பழைய வரிமுறையில் அது 10 சதவீதமாகவே இருக்கிறது. ஊழியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கழிவைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. சம்பள அமைப்பில் நீங்கள் ஒரு வரி சேர்த்தால்தான் உண்டு.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கைச் சேர்க்காமல் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 13,50,000 ரூபாய், பேசிக் அதில் பாதி, அதாவது 6,75,000 என்று வைத்துக்கொள்வோம். சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 12,75,000. 2025-26 நிதியாண்டின் வீதப்படி 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதமாக 20,000, 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதமாக 40,000, மீதி 75,000க்கு 15 சதவீதமாக 11,250. மொத்தம் 71,250, வரியின் மேல் போடும் செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 74,100 ரூபாய் வரி. இப்போது அதே சம்பளத்தில், ஸ்பெஷல் அலவன்ஸிலிருந்து 94,500 ரூபாயை எடுத்து நிறுவனப் பங்காக என்.பி.எஸ்.ஸுக்கு மாற்றுங்கள். பேசிக்கில் சரியாக 14 சதவீதம். வரிக்குரிய வருமானம் 11,80,500 ஆகிறது. 12 லட்சத்துக்குள் வந்துவிட்டதால் 87ஏ தள்ளுபடி முழுமையாகக் கிடைத்து வரி பூஜ்யம். ஊழியர் கையில் ஆண்டுக்குக் குறைவது 20,400 ரூபாய்தான். கணக்கில் சேர்வது 94,500. நிறுவனத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

இந்த உதாரணம் 12 லட்ச எல்லையை ஒட்டி நிற்பதால் லாபம் கண்ணைப் பறிக்கிறது என்பது உண்மை. 20 லட்சம் சம்பளம், 10 லட்சம் பேசிக் உள்ளவருக்கு 1,40,000 மாற்றினால் மிச்சமாகும் வரி, செஸ் உட்பட, 29,120. அதுவும் சும்மா விட்டுவிடக்கூடிய தொகை இல்லை.

செய்வது சிரமமில்லை. என்.பி.எஸ். சேவை தரும் வங்கி ஒன்றின் மூலம் நிறுவனத்தை கார்ப்பரேட் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். புதியவர்களுக்கு பிரான் எனும் என்.பி.எஸ். கணக்கு எண் எடுக்கலாம். ஏற்கெனவே தனியாக பிரான் வைத்திருப்பவர்களுக்குப் புதிய எண் எடுக்கவே கூடாது, பிரிவு மாற்றப் படிவம் கொடுத்துப் பழைய எண்ணையே நிறுவனத்தின் கீழ் கொண்டுவர வேண்டும். பிசகுவது இரண்டு இடங்களில். ஊழியரே இணையத்தில் கட்டிவிட்டு ரசீது கொடுக்கட்டும், நாம் நிறுவனப் பங்கு என்று காட்டிக்கொள்ளலாம் என்று சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். அது நிறுவனப் பங்கு ஆகாது. பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து போனால்தான் 80சிசிடி(2). இரண்டாவது, ஊழியருக்கு நீங்கள் தரும் சம்பள, வரிச் சான்றான படிவம் 16. நிறுவனம் கட்டிய தொகையை முதலில் மொத்தச் சம்பளத்தில் சேர்த்து, பிறகு கழிவாகக் காட்ட வேண்டும். மொத்தத்தில் சேர்க்காமலே கழிவை மட்டும் காட்டினால் ஊழியரின் வருமானம் இரண்டு முறை குறைந்துவிடும். நோட்டீஸ் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். உயர் சம்பளக்காரர்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு: பி.எஃப்., என்.பி.எஸ்., சூப்பராணுவேஷன் (நிறுவன ஓய்வூதிய நிதி) மூன்றிலும் நிறுவனப் பங்கு சேர்ந்து ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் அதன் மேல் சேரும் வருவாயும் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும்.

இதைக் கட்டாயமாக்காதீர்கள். விருப்பமாக வையுங்கள். என்.பி.எஸ். பணம் நீண்ட காலம் பூட்டிய பணம். மூன்று ஆண்டுக்குப் பிறகு பிள்ளைகளின் படிப்பு, திருமணம், வீடு, கடும் நோய் போன்ற காரணங்களுக்குப் பகுதி எடுக்கலாம் என்றாலும், அது ஊழியர் தன் கையிலிருந்து கட்டியதில் 25 சதவீதம் வரைதான். நிறுவனப் பங்கைத் தொட முடியாது. முதிர்வில் ஒரு பகுதிக்குக் கட்டாயம் ஆன்யூட்டி (ஓய்வூதியம் தரும் காப்பீட்டுத் திட்டம்) வாங்க வேண்டும். அதிலிருந்து மாதாமாதம் வரும் ஓய்வூதியத்துக்கு வரி உண்டு. இரண்டு வருடத்தில் மனை வாங்க முன்பணம் சேர்ப்பவருக்கு இது ஏற்றதல்ல. விருப்பப் படிவத்திலேயே இந்த நான்கு வரியை அச்சிட்டுவிட்டால் பிறகு யாரும் உங்களிடம் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அடுத்தது பி.எஃப். பிடிக்கும் தொகை. 2014 செப்டம்பர் 1 முதல் பி.எஃப். பிடிப்பதற்கான சம்பளத்தின் சட்ட உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய். அதைக் காட்டி, பேசிக் 45,000 வாங்குபவருக்கும் அந்த 15,000இல் 12 சதவீதமான 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்வது பல நிறுவனங்களில் எழுதாத விதியாகிவிட்டது. சட்டப்படி தவறில்லை. ஆனால் அது ஊழியரைக் கேட்டு எடுத்த முடிவாக இருக்க வேண்டும். முழு பேசிக்குக்கும் பிடித்தால் ஊழியர், நிறுவனம் இரு பக்கமும் தலா 5,400, மொத்தம் 10,800. உச்சவரம்போடு நிறுத்தினால் 3,600. வித்தியாசம் மாதம் 7,200. இன்றைய 8.25 சதவீத வட்டியே தொடர்ந்தால், சம்பளமே உயராவிட்டாலும்கூட, 25 ஆண்டில் அது ஏறக்குறைய 68 லட்சம். அந்த 7,200 அவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவான சி.டி.சி.யிலிருந்தே போகிறது, கையில் வருவது குறையும், வாடகையும் கல்விக்கட்டணமும் அழுத்தும் வீட்டில் அது பெரிய தொகை; எல்லாம் சரி. அதனால்தான் சேரும் நாளில் இரண்டு எண்களையும் எதிரெதிரே எழுதிக் காட்டிக் கேளுங்கள் என்கிறோம். கூடுதலாகப் போட விரும்புபவருக்கு விருப்பப் பி.எஃப். பங்களிப்பான வி.பி.எஃப்.பை ஏப்ரலில் மட்டும் திறந்துவிட்டுப் பிறகு பதினொரு மாதம் மூடி வைப்பதும் உங்கள் வசதிக்கான பழக்கமே. ஊழியரின் சொந்தப் பங்கு ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி வருவது, இந்த மடலிலேயே நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம்: பென்ஷன் பங்கு.

நிறுவனத்தின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், அதிகபட்சம் 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ்.ஸுக்கு, அதாவது 10ஆம் எண் கணக்குக்குப் போகிறது. மீதி 1ஆம் எண் கணக்குக்கு. இது எல்லோருக்கும் பொருந்தாது. 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதன்முதலாக பி.எஃப்.பில் சேருபவர், சேரும்போதே பி.எஃப். சம்பளம் 15,000க்கு மேல் என்றால் இ.பி.எஸ். உறுப்பினராக முடியாது. அவருக்கு முழு 12 சதவீதமும் 1ஆம் எண் கணக்குக்கே போக வேண்டும். ஆனால் பெரும்பாலான சம்பள மென்பொருள்களில் புதிய ஊழியரைச் சேர்த்தவுடன் இ.பி.எஸ். "ஆம்" என்றே தானாக விழுகிறது. கல்லூரி முடித்து 25,000 பேசிக்கில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,250 தவறான கணக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். எட்டு ஆண்டில் அசல் மட்டும் 1,20,000. பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் எண் ஏறுவதைப் பார்த்து அவரும் மகிழ்ந்திருப்பார். வேலை மாறிப் பணத்தை மாற்றவோ எடுக்கவோ விண்ணப்பிக்கும் நாளில்தான், உறுப்பினராகவே தகுதியில்லை என்று கோரிக்கை திரும்பி வரும். அப்போது அந்தப் பணத்தைப் பழைய மாதங்கள் அனைத்துக்கும் கணக்கு மாற்ற, நிறுவனம் மாதவாரியாகப் பட்டியல் கொடுத்து எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனமே மூடியிருந்தால் அந்தப் பெண் யாரிடம் போவார்?

இதன் மறுபக்கமும் நடக்கிறது. 2010இல் குறைந்த சம்பளத்தில் சேர்ந்து இ.பி.எஸ். உறுப்பினராக இருந்தவர் இன்று உங்களிடம் 60,000 பேசிக்கில் வருகிறார். சம்பளம் 15,000க்கு மேல் என்று பார்த்து பென்ஷனை நிறுத்திவிடுகிறீர்கள். அவர் பழைய உறுப்பினர். 15,000க்குக் கணக்கிட்டு 1,250 தொடர வேண்டும். நிறுத்தினால் அவருடைய பென்ஷன் சேவைக்காலம் அறுந்துபோகும். 10 ஆண்டு சேர்ந்தால்தான் பென்ஷன். 15,000 சராசரிச் சம்பளத்தில் 30 ஆண்டு சேவை, 20 ஆண்டு தாண்டியவருக்கான 2 ஆண்டு போனஸோடு, 15,000 × 32 ÷ 70 என்று மாதம் 6,857 ரூபாய். பெரிய தொகை என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனாலும் 58க்குப் பிறகு மாதாமாதம் வருவது.

இரண்டையும் பிரித்துச் சொல்வது சேரும் நாளில் வாங்கும் படிவம் 11. முன்பு பி.எஃப். உறுப்பினரா, முன்பு இ.பி.எஸ். உறுப்பினரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனிப் பதில் வாங்குங்கள். பழைய பாஸ்புக்கின் ஒரு பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பி.எஃப். தளத்தில் நீங்கள் ஏற்றும் மாதாந்திர இ.சி.ஆர். கணக்குக் கோப்பில் இ.பி.எஸ். சம்பளப் பத்தியில் தகுதியில்லாதவருக்குப் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். 58 வயது முடிந்தவருக்கு இ.பி.எஸ். தானாக நிற்கிறதா என்பதையும் சேர்த்து. அதே கோப்பில் என்.சி.பி. (பங்களிப்பில்லா) நாட்கள் என்றொரு பத்தி உண்டு. சம்பளமில்லா விடுப்பை மட்டுமே அங்கே ஏற்ற வேண்டும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பையும் அதில் கொட்டிவிட்டால் பென்ஷன் சேவைக்காலம் நாள் நாளாகக் கரையும்.

பெயர் விவகாரம் நம் ஊருக்கே உரியது. வடக்கே குடும்பப் பெயர் இருக்கிறது, நமக்கு இனிஷியல். ஒரே ஆள் ஆதாரில் "முருகன் கே", வங்கியில் "கே. முருகன்", பான் அட்டையில் "குமாரசாமி முருகன்". பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை ஏற்பதில்லை என்பதால் அப்பா பெயர் விரிந்து உள்ளே வந்துவிடுகிறது. திருமணமான பெண்களுக்கு ஓர் ஆவணத்தில் அப்பாவின் எழுத்து, இன்னொன்றில் கணவரின் எழுத்து. பி.எஃப். கணக்கு ஆதாரைப் பார்க்கிறது, வரித்துறை பானைப் பார்க்கிறது. பான் இணையாமல் கிடந்தால், ஐந்து ஆண்டுக்குள் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எடுக்கும்போது 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் டி.டி.எஸ். பிடிபடும்.

ஆகவே சேரும் நாளில் ஆதார், பான், வங்கிக் கணக்கு, பி.எஃப். பதிவு நான்கையும் அருகருகே வைத்துப் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். திருத்த வேண்டியிருந்தால் முதலில் ஆதார், அதன்பின் பான், கடைசியாக பி.எஃப். 2025 ஆகஸ்ட் முதல் புதிய யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) மத்திய அரசின் உமாங் செயலியில் முகச் சரிபார்ப்போடு ஆதாரிலிருந்தே நேரடியாக உருவாகிறது. ஆதாரில் உள்ள பிழை அப்படியே இறங்கிவிடும். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு ஆதாரோடு வழங்கப்பட்ட யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி போன்றவற்றை உறுப்பினரே இணையத்தில் திருத்திக்கொள்ள 2025 ஜனவரியில் வழி திறந்தது. அதற்கு முந்தைய எண்களுக்கு உங்கள் ஒப்புதல் தேவை. அந்த விண்ணப்பங்கள் உங்கள் முதலாளித் தளத்தில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் திறந்து பாருங்கள்.

விலகிய தேதியும் அப்படித்தான். சம்பள பாக்கி தீர்த்த நாளையோ ஆவணம் கொடுத்த நாளையோ சிலர் போட்டுவிடுகிறார்கள். கடைசியாக வேலை செய்த நாள்தான் சரி. தேதி தள்ளிப்போனால் புதிய நிறுவனத்தில் சேர்ந்த தேதியோடு மோதி, ஒரே காலத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகப் பதிவாகும். தேதியே போடாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஊழியரே ஆதார் ஓ.டி.பி. மூலம் போட்டுக்கொள்ளலாம், அவருக்கு அது தெரிந்திருக்காது.

விலகுபவருக்கு நீங்கள் கொடுக்கும் கடிதத்தில் "பி.எஃப். தொகையை எடுத்துக்கொள்ளலாம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு ஆகுமுன் எடுத்தால் நிறுவனப் பங்கும் அதன் வட்டியும் சம்பளமாக வரிக்கு வரும். சொந்தப் பங்குக்கு முன்பு எடுத்த 80சி கழிவும் திரும்பிப் பார்க்கப்படும். கணக்கை மாற்றியிருந்தால் பழைய நிறுவனத்தின் ஆண்டுகளும் அந்த ஐந்தில் சேரும். படிவம் 10சி போட்டு பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அதுவரையிலான சேவை அழிந்து, அடுத்த வேலையில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். ஆறு வருடச் சேவையைச் சில ஆயிரங்களுக்கு விற்றவர்கள் நிறையப் பேர். வேலை விட்ட பின் முழுத்தொகை எடுக்கும் காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்ட பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்ததன் நோக்கமும் இந்த அவசர எடுப்பைத் தடுப்பதே.

ஜனவரி வந்தால் நீங்கள் அனுப்பும் அந்த மின்னஞ்சல்: "முதலீட்டுச் சான்றுகளை 31ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்கவும்." புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் அது போகிறது. பதறிப்போய் அவர் சேமிப்போடு கூடிய 20 ஆண்டு எண்டோமென்ட் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை வாங்குகிறார். அவருக்கு அதனால் ஒரு ரூபாய்கூட வரிச் சலுகை இல்லை. மூன்றாம் வருடம் பிரீமியம் கட்ட முடியாமல் சரண்டர் செய்து நஷ்டப்படுகிறார். அதே மாதங்களில் முகவர்களை அலுவலக உணவகத்தில் மேசை போட்டு உட்கார அனுமதிப்பது இன்னும் மோசம். அந்த மின்னஞ்சல் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் போகட்டும்.

எந்த முறை லாபம் என்று கேட்பவருக்கு ஓர் எல்லைக்கோடு சொல்லலாம். 15 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையில், செஸ் நீங்கலாக, வரி 93,750. பழைய முறையில் அதே வரி வர, நிலைக்கழிவு 50,000 போக இன்னும் 5,43,750 ரூபாய்க்குக் கழிவுகள் வேண்டும். 80சி 1.5 லட்சம், என்.பி.எஸ். 50,000, வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 என்று எல்லாம் நிரப்பினாலும் 4.25 லட்சம்தான். மீதிக்கு வீட்டு வாடகைப் படியான எச்.ஆர்.ஏ. கைகொடுக்க வேண்டும், சொந்த வீட்டில் இருந்துகொண்டே அதைக் கேட்க முடியாது. "ஏப்ரலில் சொன்னதை மாற்ற முடியாது" என்று சொல்வதையும் நிறுத்துங்கள். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். ஏப்ரலில் உங்களிடம் சொன்னது டி.டி.எஸ்.ஸுக்கு மட்டும்.

ஆண்டின் நடுவில் வந்து சேருபவரிடம் பழைய நிறுவனத்தின் சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் நிலைக்கழிவும் முதல் 4 லட்சமும் இரண்டு இடத்திலும் கழிந்து, ஜூலையில் அவர் வட்டியோடு கட்ட நேரும்.

கடைசியாக நியமனதாரர். இணையத்தில் இ-நாமினேஷன் பதிவு செய்யாதவர்களின் பட்டியலை எடுங்கள். திருமணமானவர்கள் பழையதை நம்பியிருக்கக் கூடாது. குடும்பம் இல்லாத காலத்தில் வெளியாள் பெயரில் போட்ட நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். பணியில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கு பி.எஃப்.போடு இணைந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும். அதற்கான மாதம் 75 ரூபாயை நீங்களே கட்டிக்கொண்டும் இருக்கிறீர்கள். துக்க வீட்டிலிருந்து வரும் மனைவியிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வதா, நியமனப் பதிவைப் பார்த்து அன்றே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதா என்பது இந்தப் பட்டியலைப் பொறுத்தது. அடுத்த மாதம் 15ஆம் தேதி இ.சி.ஆர். ஏற்றும்போது, அதோடு இதையும் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பி.எஃப்., வருமான வரிக் கணக்கு வேலை பார்ப்பவர்கள் சிலர்